நாட்டுச் சாப்பாட்டுக்கு மாறினேன், எடை கூடிவிட்டதே?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 41. மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தேதான். உயரம் 156 செ.மீ. ஐந்து வருடமாகத் தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு எடை குறைக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். "இன்றைக்குக் கடையில் விற்பது எல்லாமே மரபணு மாற்றிய உணவு, அது உடம்பில் கொழுப்பாகத் தங்கிவிடும், அதை நிறுத்தினால் எடை தானாக இறங்கும்" என்றார்கள். கட்டி வந்த எலிகளின் படத்தையும், அமெரிக்காவில் உடல் பருமன் எப்படி ஏறியது என்று ஒரு வரைபடத்தையும் காட்டினார்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பொன்னி அரிசிக்குப் பதில் கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும். பாக்கெட் எண்ணெய்க்குப் பதில் மரச்செக்கு எண்ணெய். சீனிக்குப் பதில் கருப்பட்டி. பிஸ்கட்டுக்குப் பதில் கடலை மிட்டாய். பிராய்லர் கோழி, வெள்ளை முட்டை, ரெட் லேடி பப்பாளி, விதையில்லாத திராட்சை எதையும் தொடுவதில்லை. சாயங்காலம் டீக்குப் பதில் பருத்திப்பால். அப்போது 71.5 கிலோ இருந்தேன். இப்போது 74. வகுப்பில் கேட்டால், "வெளியே எங்கேயோ மரபணு மாற்றிய பொருளைச் சாப்பிடுகிறீர்கள்" என்கிறார்கள். அப்படி எதில்தான் இருக்கிறது? எடை குறைய நான் என்ன செய்ய வேண்டும்? ஒரு வாரச் சாப்பாட்டையும் மாதச் செலவுக் கணக்கையும் இத்துடன் எழுதியிருக்கிறேன்.

பதில்: வணக்கம் சகோதரி. கணக்கு எழுதுபவர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை கிலோ கருப்பட்டி தீர்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "எண்ணெய் கம்மியாத்தான் ஊத்துவோம்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் கணக்கு இருந்ததால் இந்தப் பதிலை ஊகமில்லாமல் எழுத முடிகிறது.

முதலில் நேரடிப் பதில். நீங்கள் கூட்டிய இரண்டரைக் கிலோவுக்கும் மரபணு மாற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்த உணவுகளை ஒதுக்கினாலும் அதனால் எடை இறங்காது, சேர்த்தாலும் அதனால் ஏறாது. மரபணு மாற்றம் என்பது ஆய்வகத்தில் ஒரு மரபணுவைச் சேர்த்தோ மாற்றியோ விதையை உருவாக்கும் முறை. உடம்பு கணக்கில் எடுப்பது தட்டில் விழுந்த மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும்தான்.

நீங்கள் ஒதுக்கி வைத்த பட்டியலைப் பார்ப்போம். பாக்கெட் எண்ணெய்க்குப் பிறகு வருகிறேன், மற்றதில் மரபணு மாற்றப்பட்டது ஒன்றுகூட இல்லை. ரெட் லேடி பப்பாளி தைவானில் உருவான வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு பப்பாளிகளைக் கலந்து எடுத்த விதை. மரபணு மாற்றிய பப்பாளி ஹவாய் தீவுகளில் இருக்கிறது. அங்கே வைரஸ் நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்ததால் 1998லிருந்து பயிரிடுகிறார்கள். நம் ஊர்ப் பழக்கடைக்கு வருவது அது இல்லை. விதையில்லாத திராட்சை இயற்கையாக ஒரு கொடியில் வந்த மாறுதலைக் குச்சி வெட்டி நட்டுப் பரப்பியது. பொன்னி சாதாரண இனக்கலப்பில் வந்த நெல். பிராய்லர் கோழி, வேகமாக வளரும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. அது ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தொடுவதைப் பார்த்து "ஊசி போட்டு வளர்க்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் நாமும் ஊதிவிடுவோம்" என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கோழி வேகமாக வளர்ந்தது என்பதற்காக அதைத் தின்றவர் வேகமாக வளர மாட்டார்.

ஒட்டு ரகம், திசு வளர்ப்பு வாழை, பிராய்லர், மரபணு மாற்றுப் பயிர் எல்லாவற்றையும் 'ஹைபிரிட்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். சாக்கைப் பிரித்துப் பார்த்தால் இந்தியாவில் விவசாயிகள் வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: பி.டி. பருத்தி. 2002ல் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் பருத்தி விளையும் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். பி.டி. கத்தரிக்காய்க்கு 2009ல் நிபுணர் குழு ஒப்புதல் கொடுத்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்ட அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. பக்கத்தில் வங்கதேசத்தில் 2014லிருந்து அதே கத்தரியை விளைவித்துச் சாப்பிடுகிறார்கள். மரபணு மாற்றுக் கடுகு 2022ல் ஒரு படி தாண்டி, வழக்கில் மாட்டி, 2024ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னதில் நிற்கிறது.

அப்படியானால் உங்கள் வீட்டில் மரபணு மாற்றுப் பயிரிலிருந்து வந்த பொருள் எதுவுமே இல்லையா? இருக்கிறது. அது பருத்திப்பால்.

வருத்தப்படாதீர்கள், பயப்படவும் வேண்டாம். நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பி.டி. என்றால், கடையில் கிடைக்கும் பருத்திக்கொட்டையும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மதுரையில் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கும் பானம், 'நாட்டுச் சாப்பாடு' என்ற பெயரில் வகுப்பிலேயே பரிந்துரைக்கப்பட்ட பானம், அந்தப் பட்டியல்படி பார்த்தால் முதலில் ஒதுக்க வேண்டியது. யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு எது மரபணு மாற்றியது என்று தெரியவில்லை.

பி.டி. பருத்தியில் சேர்த்திருப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. அது உண்டாக்கும் புரதம் காய்ப்புழுவின் குடலில், அங்கே உள்ள காரத் தன்மையில் கரைந்து, அந்தக் குடல் சுவரில் இருக்கும் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அதைக் கொல்கிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அந்த ஏற்பிகளும் நம்மிடம் இல்லை. காய்ச்சும்போது சிதைந்தது போக மிச்சம் இருப்பதை மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடுகிறோம். கொழுப்பாகத் தங்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பருத்திப்பாலில் கொழுப்பாகத் தங்கக்கூடிய வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன: வெல்லம், தேங்காய், கெட்டியாக வரக் கரைத்து ஊற்றிய அரிசி மாவு. ஒரு டம்ளர் ஏறக்குறைய 200 கலோரி வரும். முன்பு நீங்கள் குடித்த டீ, சீனி போட்டும்கூட, அதில் பாதியைத் தாண்டியிருக்காது.

எண்ணெய்க்கு வருகிறேன். முழுமைக்காகச் சொல்கிறேன், இறக்குமதியாகும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளைவது மரபணு மாற்றிய சோயா. அந்த எண்ணெயை இறக்குமதி செய்ய இங்கே 2007லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். பருத்திக்கொட்டை எண்ணெயும் உணவில் கலக்கிறது. டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018ல் கடைகளில் வாங்கிச் சோதித்த 65 உணவுப் பொருள்களில் 21ல் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. பல பொட்டலங்களில் அந்த விவரமே இல்லை. இது நியாயமான குறை. வாங்குபவருக்குத் தெரியும்படி எழுத வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சுத்திகரித்த எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. மரபணுவோ அது உண்டாக்கும் புரதமோ அதில் ஏறக்குறைய மிஞ்சுவதில்லை. சோயாவானாலும் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

இந்த 9 கலோரியில்தான் உங்கள் கதை இருக்கிறது. நாலு பேர் உள்ள வீடு. ஆறு மாதத்துக்கு முன் மாதம் 3 லிட்டர் பாக்கெட் எண்ணெய் வாங்கியிருக்கிறீர்கள். இப்போது செக்கு எண்ணெய், கடலையும் நல்லெண்ணெயுமாக 5 லிட்டர். ஏன் கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "நல்ல எண்ணெய்தானே என்று இட்லிப் பொடிக்கும் தோசைக்கும் தாராளமாக ஊற்றுகிறோம்." மூன்று லிட்டர் என்றால் சுமார் 2,750 கிராம். நாலு பேருக்கு, முப்பது நாளுக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 23 கிராம். ஐந்து லிட்டர் என்றால் தலைக்கு 38 கிராம். வித்தியாசம் 15 கிராம், அதாவது நாளொன்றுக்கு 135 கலோரி, எண்ணெயில் மட்டும். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு நாளுக்கு ஏறக்குறைய 20 கிராம்தான். முன்பு நீங்கள் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தீர்கள்.

ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோவுக்கு 19,250. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 107 கலோரி. எண்ணெயில் கூடியதே அதைவிட அதிகம். இது பென்சில் கணக்குதான், உடம்பு இவ்வளவு நேராக நடக்காது; நீங்கள் பிஸ்கட்டையும் சீனியையும் விட்டதில் கொஞ்சம் குறைந்திருக்கும், பருத்திப்பாலிலும் கடலை மிட்டாயிலும் அது திரும்பி வந்திருக்கும். ஆனாலும் எடை எங்கிருந்து வந்தது என்று தேட வெளியே போக வேண்டியதில்லை.

கருப்பட்டியும் அப்படித்தான். அதில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, வாசனை உண்டு, காப்பிக்கு அதன் ருசியே தனி. கலோரியில் சீனிக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மாதம் இரண்டு கிலோ தீர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் இருவரும் காப்பியே குடிப்பதில்லை என்றால் அதில் பெரும்பங்கு உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும்தான் போயிருக்க வேண்டும். கடலை மிட்டாய், கைக்கு அடக்கமான 30 கிராம் துண்டு ஒன்று, 150 கலோரி. பசித்து ஒன்று சாப்பிட்டால் குற்றமில்லை. உங்கள் வாரக் குறிப்பில் கடையில் இருக்கும்போது மூன்று, வீட்டுக்கு வந்து ஒன்று என்று நாலு நாள் இருக்கிறது.

அரிசியைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நீங்கள் செய்தது பாதி சரி. கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றைத் தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும், மென்று சாப்பிட நேரமாகும், சர்க்கரை ஏறுவது கொஞ்சம் நிதானப்படும். கவுனியின் கறுப்பு நிறத்துக்குக் காரணமான நிறமிப் பொருளும் நல்லதுதான். இதெல்லாம் தவிட்டால் வருவது. நாட்டு ரகமே என்றாலும் பட்டை தீட்டி வெள்ளையாக்கினால் அந்த நன்மை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் 100 கிராம் அரிசி, எந்த அரிசியானாலும், 350 கலோரிக்கு அப்படி இப்படித்தான். அரிசியை மாற்றியவர் அளவையும் சேர்த்துக் குறைத்தால் பலன் கிடைக்கும். நீங்கள் காலையில் பெரிய கிண்ணம் நிறையக் கவுனிக் கஞ்சி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து. மதியம் சம்பா சோறு இரண்டு முறை போட்டுக்கொண்டு. ராத்திரி தோசை நாலு. முன்பு மதியம் ஒரு தடவை போட்டுக்கொண்டு எழுந்தவர், "இது மருந்து மாதிரி அரிசி" என்ற தைரியத்தில் இரண்டாவது தடவை போட ஆரம்பித்தீர்கள். இந்தத் தைரியத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிறுதானியக் காலத்தில் தினை லட்டு, கம்பு முறுக்கு என்று வந்ததும் இதே தைரியம்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பிராய்லரையும் வெள்ளை முட்டையையும் நிறுத்திவிட்டு நாட்டுக்கோழிக்கு மாறினீர்கள். விலை தாங்காததால் கோழி மாதம் ஒரு முறை, முட்டை வாரம் இரண்டு என்று ஆகிவிட்டது. முன்பு தினம் ஒரு முட்டை, ஞாயிறும் புதனும் கோழி. இப்போது நீங்கள் எழுதியதை வைத்துக் கூட்டினால் பல நாள்களில் புரதம் 40 கிராமைத் தொடவில்லை. உங்கள் எடைக்கு நாளுக்கு 60 கிராம் வேண்டும். புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும், பசித்தால் கை கடலை மிட்டாய் டப்பாவுக்குப் போகும். எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் இருக்கவும் அதுதான் வேண்டும். கோழித் தீவனத்தில் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு கலக்கலாம் என்பது உண்மை. 2021ல் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசே அனுமதித்தது. கோழி அதைச் செரித்துத் தன் சதையாகவும் முட்டையாகவும் மாற்றிவிடுகிறது. வெள்ளை முட்டை என்றும் நாட்டு முட்டை என்றும் பார்க்காமல், கட்டுப்படியாகிற முட்டையைத் தினம் சாப்பிடுங்கள்.

வகுப்பில் காட்டிய இரண்டு படங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

கட்டி வந்த எலிகளின் படம் பெரும்பாலும் 2012ல் பிரான்ஸில் செராலினி என்பவரின் குழு செய்த ஆய்விலிருந்து எடுத்ததாக இருக்கும்; சுற்றுவது அந்தப் படம்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது வயதானாலே தானாகக் கட்டி வரும் இயல்புள்ள எலி வகை. ஒரு பிரிவுக்குப் பத்து எலி. அவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அதை வெளியிட்ட இதழே 2013ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த வருடம் வேறொரு இதழில் மறுபடி வந்தது, விவாதமும் தொடர்ந்தது. எப்படி இருந்தாலும் அந்த ஆய்வு எடை கூடுவதைப் பற்றியதே இல்லை.

அமெரிக்க வரைபடத்தில் ஆண்டுகளைக் கவனித்தீர்களா? மரபணு மாற்றிய சோயாவும் சோளமும் அங்கே வயலுக்கு வந்தது 1996ல். பெரியவர்களில் உடல் பருமன் உள்ளோர் 1970களின் கடைசியில் நூற்றுக்கு 15 பேர். 1988 முதல் 1994 வரை எடுத்த கணக்கில் 23 பேர். விதை வருவதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் மரபணு மாற்றிய உணவு கடை அலமாரியில் அநேகமாக இல்லை. அங்கேயும் இங்கிலாந்தில் 1993ல் நூற்றுக்கு 15 ஆக இருந்தது 2019ல் 28 ஆகிவிட்டது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016ல் இந்த விஷயம் முழுவதையும் அலசி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. வட அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உடல் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் இந்த உணவுகள் காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லை என்றார்கள்.

அமெரிக்காவில் என்னதான் நடந்தது என்பதற்கு ஒரு சின்ன ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2019ல் கெவின் ஹால் என்பவர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமமாக வைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டார். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். அங்கே அப்படிப்பட்ட தின்பண்டங்களில் மரபணு மாற்றிய சோளத்தின் பாகும் சோயா எண்ணெயும் நிறைய இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே கண்ணில் படுகின்றன. அதே தின்பண்டத்தை மரபணு மாற்றாத சோளத்தில் செய்தாலும் கை நிற்காது. நம் ஊரில் 'மரபணு மாற்றாதது' என்று முத்திரை குத்தி வரும் சிப்ஸும் அப்படித்தான். கல் உப்புப் பொட்டலத்தில்கூட அந்த முத்திரையைப் பார்த்தேன். உப்பில் ஏது மரபணு?

மரபணு மாற்றுப் பயிரைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விதை யார் கையில் இருக்கிறது, பருத்திக்காரர் ஒவ்வொரு பட்டத்துக்கும் என்ன விலை கொடுக்கிறார், இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டதே, களைக்கொல்லி தெளிப்பு கூடுகிறதா என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். நாட்டு நெல்லைக் காப்பாற்றுகிறவரிடம் விலை கொடுத்து வாங்குவது நல்ல காரியம், என் வீட்டிலும் வாங்குகிறோம். ஆனால் அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். இடுப்பளவு குறையும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறைக் குறியீடு 30 வருகிறது; நம் மக்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்றுதான் வைத்துப் பார்க்கிறோம். ஒரேயடியாக 55 கிலோ என்று குறி வைக்க வேண்டாம். நாலு மாதத்தில் 70ஐத் தொடுவோம், அதற்கே சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சொன்னபடி கேட்கத் தொடங்கும்.

எண்ணெயைப் பழையபடி மாதம் மூன்று லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். செக்கு எண்ணெயே இருக்கட்டும். மாத முதல் தேதியில் மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, அது தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான் என்று ஆக்கிவிடுங்கள். கணக்கு எழுதும் உங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. இட்லிப் பொடிக்கு ஒரு சின்னக் கரண்டி போதும்.

காலையில் கவுனிக் கஞ்சி வேண்டுமென்றால் வாரம் இரண்டு நாள், சின்னக் கிண்ணத்தில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இல்லாமல் மோரும் உப்பும் போட்டு. கூட ஒரு முட்டை. மற்ற நாள்களில் இரண்டு இட்லியோ தோசையோ, நிறையச் சாம்பாரும் ஒரு முட்டையும். மதியம் சோறு ஒரே தடவை. தட்டில் முதலில் காயைப் போடுங்கள், பாதித் தட்டை அது அடைக்கட்டும். அப்புறம் பருப்போ மீனோ கோழியோ, கடைசியில் மிச்ச இடத்தில் சோறு. பிராய்லர் நெஞ்சுக்கறியைத் தோல் நீக்கிக் குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். மத்தி, நெத்திலி கிடைக்கும் நாளில் அதுவே மேல். சாயங்காலம் கடையிலேயே ஒரு கிண்ணம் சுண்டலும் சர்க்கரை இல்லாத டீயும். பருத்திப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை. பப்பாளியை உடனே திரும்பக் கொண்டுவாருங்கள்: 100 கிராமுக்கு 40 கலோரிதான், வயிறு நிறையும், மலச்சிக்கலும் இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி தோசை இரண்டு, எட்டு மணிக்குள். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பதாக எப்போதாவது மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

நடை பற்றி எழுதவேயில்லை நீங்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் என்கிறீர்கள். காலையில் வண்டியில் போனாலும், சாயங்காலம் நடந்து வாருங்கள். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பத்துப் பத்தாக மூன்று தடவை. தசைக்கு அது வேண்டும்.

கடைசியாக, உங்கள் வாரக் குறிப்பில் தினமும் முதல் வரியாக வருகிற ஒன்று: "காலை 6 மணி, காப்பி, தைராய்டு மாத்திரை." காப்பி அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள், அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாத்திரையும் ரசாயனம்தான் என்று சொல்லி வகுப்பில் யாராவது நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். நீங்கள் கடைசியாக டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தது ஒரு வருடத்துக்கு முன்பு. இந்த வாரமே ஒரு முறை பாருங்கள், மாத்திரையைச் சரியான முறையில் போடத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள். முறையாகப் போட்டால் இதே அளவு மாத்திரை கூடுதலாக வேலை செய்யலாம் என்பதால், அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவர் அந்த இரண்டு அறிக்கையையும் பார்த்து முடிவு செய்வார். கூடவே மூன்று மாதச் சர்க்கரை அளவும் பார்த்துவிடுங்கள். இரண்டையும், அப்போதைய எடையையும் தொப்புள் மட்டத்தில் எடுத்த இடுப்பளவையும் எழுதி அனுப்புங்கள். எண்ணெய்க் கணக்கையும் மறக்காமல் சேருங்கள்.